கொடுத்தவர் பெயரைக் கேட்கக் கூடாது

ஜூன் 9, திங்கள்

இன்று பகிர்வு அறைக்கு வந்தவை: அடி கருகிய தோசைக்கல், ஜார் இல்லாத மிக்ஸி, சக்கரம் சுற்றாத உடற்பயிற்சி சைக்கிள், கண்ணாடி உடைந்த முருகன் படம். உடைந்த சாமி படத்தைக் குப்பையில் போட்டால் பாவம். பகிர்வு அறையில் வைத்தால் புண்ணியம்.

எல்லாவற்றையும் படம் எடுத்து நீலாம்பரி குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது என் வேலை. சங்க அலுவலகத்தில் உதவியாளர் என்றால் தண்ணீர் லாரிக்கு ஃபோன் செய்வதிலிருந்து இதுவரை எல்லாம்தான். அந்த அறை போன வருடம்வரை டிரைவர்கள் சாப்பிட்டுவிட்டு முதுகு சாய்த்த இடம். இப்போது அவர்கள் காரிலேயே தூங்குகிறார்கள். அறைக்கதவில் 'அன்புடன் கொடுப்போம்' என்று எழுதியிருக்கிறது.

விதிகள் செகரட்டரி சந்தானகோபாலன் சார் எழுதியவை. முதல் மூன்று நாள் வீட்டுக்காரர்கள் எடுக்கலாம். அவர்களும் வேண்டாம் என்று விட்டதை டிரைவர்கள், வீட்டு வேலைக்கு வருபவர்கள், ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் எடுக்கலாம். கேட்டில் காட்ட என்னிடம் சீட்டு வாங்க வேண்டும். கொடுத்தவர் பெயரை யாரும் கேட்கக் கூடாது. வேலைக்காரர்கள் அங்கே எதையும் வைக்கக் கூடாது என்று விதி இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் ஏழாவது மாடி ஹரிணி மேடம் குழுவில் கேட்டிருந்தார். இந்த மாதக் கடைசியில் அவருக்குப் பிரசவம். பிறந்த பிள்ளைக்கு முதலில் புதுத்துணி போடக் கூடாது, நன்றாக வளர்ந்த பிள்ளை போட்ட பழைய சட்டையைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும். எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார். வரிசையாக இதயப் படங்கள் வந்தன. சட்டை வரவில்லை. ஒருவர் குழந்தைத் துணிக்கடையின் லிங்க் அனுப்பினார்.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஹரிணி மேடத்துக்கு இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. அந்த வீட்டுக்குத் தன் பிள்ளையின் துணியைக் கொடுக்க எல்லாருக்கும் பயம். படித்தவர்கள்.

ஜூன் 11, புதன்

லித்திக்கின் கட்டுச் சட்டையை அறையில் வைத்துவிட்டேன். வெள்ளை மல் துணி, முன்பக்கம் நாடா. லித்திக் என் அண்ணன் மகன். இரண்டு வயது. படிக்கட்டில் ஓடி மொத்த பிளாக்கையும் எழுப்புகிறவன். சட்டை பெட்டிக்கு அடியில் சும்மா கிடந்தது. அமுலு அண்ணியிடம் கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

இது ஒரு பரிசோதனை, அவ்வளவுதான். ஆபீஸில் எனக்கென்று தனி டம்ளர் வைத்திருக்கிறவர்கள் என் வீட்டுத் துணியைத் தங்கள் பிள்ளைக்குப் போடுவார்களா என்று பார்க்க வேண்டும். போட்டால் எனக்குள் சிரித்துக்கொள்வேன். யாருக்கும் நஷ்டமில்லை. குழந்தை சோப்பு வாங்கித் துவைத்து, நிழலில் காயவைத்து, நாடாவைத் தனியாக இஸ்திரி போட்டேன். பழசாக இருந்தாலும் பழசாகத் தெரியக் கூடாது இல்லையா.

வாசலில் கேமரா இருக்கிறது. ஆனால் தட்டுக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்று படம் எடுப்பது நான் தினமும் செய்வது. வைத்ததும் நான், படம் எடுத்ததும் நான், குழுவில் போட்டதும் நான்.

கிளம்பும்போது தேசம்மாக்கா துடைப்பத்தோடு உள்ளே வந்தார். ஹவுஸ்கீப்பிங். எங்கள் குடியிருப்பில் மூன்றாவது பிளாக். நீலாம்பரிக்குள் இருவரும் தெரியாதவர்கள்போல் நடந்துகொள்வோம். அப்படி இருக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. என் பயோடேட்டாவில் இருப்பது மடிப்பாக்கத்தில் சித்தி வீட்டு விலாசம். கால்வாய்க்கு அந்தப் பக்கம், வாரியக் குடியிருப்பு என்று எழுதி அனுப்பிய பயோடேட்டா எதற்கும் ஒருவரும் ஃபோன் செய்யவில்லை. கூவம் கரையிலிருந்து எங்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கியது அரசாங்கம். விலாசத்தைக் கெடுத்தது நாங்கள் என்று ஆகிவிட்டது.

ஜூன் 12, வியாழன்

ஹரிணி மேடம் தானே இறங்கி வந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாரு வெச்சது எழில்?"

"பேர் சொல்லக் கூடாது மேடம். ரூல்."

"பேர் வேண்டாம். அந்தக் குழந்தை நல்லா இருக்கா, அதை மட்டும் சொல்லு."

"நல்லா இருக்கான் மேடம். ஒரு எடத்துல நிக்க மாட்டான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வெச்சவங்க சொன்னாங்க."

சட்டையை முகத்தில் வைத்து மூச்சை இழுத்தார். "வீட்டு வாசனை அடிக்குது," என்றார். எனக்கு வேர்த்துவிட்டது. ஆபீஸில் ஏசி இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணி பெட்டியைக் கவிழ்த்துப்போட்டுத் தேடினாள். "எழிலு, புள்ள சட்டய பாத்தியா? வெள்ள கட்டுச் சட்டை."

"மாடியில காயப்போட்டிருப்பீங்க. காத்துல போயிருக்கும்."

"போடலியே," என்றாள். பக்கத்து வீட்டில் போய்க் கேட்டாள். அதற்கும் மேல் மாடிக்குப் போய்க் கேட்டாள்.

ஒரு சட்டைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று ஹரிணி மேடத்துக்குப் பெண் குழந்தை. கணவர் பிரசன்னா சார் குழுவில் படம் போட்டிருந்தார். லித்திக்கின் சட்டைக்குள் ஒரு சின்னத் தலை. நாடாவை யாரோ பூ மாதிரி முடிந்திருந்தார்கள்.

சிரித்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தேன். சிரிப்பு வரவில்லை. படத்தை ஃபோனில் சேமித்தேன். பிறகு அழித்தேன். பிறகு குழுவுக்குப் போய்த் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

குழந்தைக்கு மஞ்சள் காமாலை. மூச்சும் சரியில்லையாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். குழுவில் கும்பிடும் கைகளாக வந்துகொண்டிருக்கின்றன.

பிறந்த குழந்தைகளில் நிறையப் பேருக்குக் காமாலை வரும். நீல வெளிச்சத்தில் வைத்தால் போய்விடும். மதியம் முழுக்கப் படித்தேன். சட்டைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தேன். வீட்டு ஆள் யாரென்று சொல்லுங்கள் என்றார்கள். வைத்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் ஹரிணி மேடத்தின் மாமியார் கோமதி அம்மாள் ஆபீஸுக்கு வந்தார். சத்தம் போடுகிற ஆள் இல்லை. "அந்தச் சட்டை எந்த வீட்டுதுன்னு எனக்குத் தெரியணும் சார்," என்றார் செகரட்டரியிடம். "குழுவுல ஒவ்வொருத்தரையும் கேட்டுட்டேன். யாருமே தன்னோடதுன்னு சொல்லலை."

செகரட்டரி என்னைப் பார்த்தார். "காலையில வரும்போது தட்டுல இருந்தது சார்," என்றேன்.

கேமராப் பதிவை ஓட்டினார்கள். திரையில் என் முதுகு. அதைச் செகரட்டரி வேகமாக ஓட்டித் தாண்டினார். பிறகு தேசம்மாக்கா. சட்டையை இரண்டு கையாலும் எடுக்கிறார். பார்க்கிறார். மடிக்கிறார். மேல்தட்டில் வைக்கிறார். அங்கே நிறுத்தினார்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். கதவுக்கு வெளியிலேயே நின்றார்.

"இந்தத் துணிய நீதானே வெச்ச?"

"கீய இருந்துச்சு சார். தண்ணி தொட்டுத் தொடச்சேன், ஈரம் பட்டுடுமேன்னு தூக்கி மேல வெச்சேன்."

"உங்க வீட்டுதா?"

"எங்க வூட்ல ஏது சார் கொயந்தத் துணி. எனக்குத்தான் பொறக்கவே இல்லியே."

கோமதி அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். "குழந்தை இல்லாத கை பட்டிருக்கு," என்றார். பிறகு கண்ணைத் திறந்து, "உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. தப்பா எடுத்துக்காதே," என்றார்.

தேசம்மாக்கா இரண்டு உள்ளங்கையையும் விரித்தார். கையைப் பார்த்துக்கொண்டார்.

"சயின்ஸ் எல்லாம் நமக்கும் தெரியும்," என்றார் செகரட்டரி யாரிடமோ. "ஆனா ஒரு குடும்பத்தோட மனசுன்னு இருக்கு பாருங்க." பிறகு என்னிடம், "ஹவுஸ்கீப்பிங் கம்பெனிக்கு மெயில் போடும்மா. ஆளை மாத்தித் தரச் சொல்லு. காரணம் எதுவும் எழுத வேண்டாம்."

தட்டச்சு செய்தேன். என் வேலை அது. அக்கா கதவருகே நின்று என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எழுத்துப் பிழை விழுந்தது. திருத்தி அனுப்பினேன்.

ஜூன் 25, புதன்

வேலை அதிகம். எழுத ஒன்றுமில்லை.

பகிர்வு அறைக்கு ஒரு கட்டுப் பழைய திரைச்சீலை வந்தது. துடைக்க ஆள் இல்லாததால் நானே தட்டைத் துடைத்தேன்.

நான் வாயைத் திறந்தால் என் வேலை போகும். அண்ணன் லாரி ஓட்டுகிற காசு வாடகைக்கும் தவணைக்கும் சரியாகப் போகிறது. தேசம்மாக்காவுக்குக் கம்பெனியில் வேறு இடம் கொடுப்பார்கள். எப்போதும் கொடுப்பார்கள். விசாரிக்க வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

விசாரித்தேன். கொடுக்கவில்லை.

காலையில் தண்ணீர் லாரி வரிசையில் அக்கா எனக்கு முன்னால் நின்றார். இங்கே தெரியாதவர்போல் நடிக்க முடியாது.

"கம்பெனில இன்னாக்கா சொன்னாங்க?"

"கம்ப்ளெய்ன்ட் ஆன ஆளு, கொஞ்ச நாள் வூட்ல இருன்றான். எவ்ளோ நாளுன்னு கேட்டா போன வெச்சிட்டான்."

குடத்தை முன்னால் நகர்த்தினார். நானும் நகர்த்தினேன்.

"கொயந்த எப்பிடி கீது?" என்று கேட்டார்.

"தெரியலக்கா."

"நீ அந்த சட்டைய பையிலருந்து எடுக்கசொல்ல பாத்தேன். ஜன்னலாண்ட மாப்பு பியிஞ்சிக்கினு இருந்தேன்."

குடம் கையிலிருந்து நழுவியது. "அங்க ஏன் சொல்லலக்கா?"

"சொன்னா நம்புவாங்களா? நீ ஆபீசு. நான் தொடப்பம்." லாரிக் குழாயைத் தன் குடத்தில் திருப்பிக்கொண்டார். "அதுவும் இல்லாம, நீயே சொல்லுவன்னு பாத்துக்கினு நின்னேன். நீ டைப் அடிச்சிக்கினு இருந்த."

நான் கோபக்காரி என்று இந்தக் குடியிருப்பில் பெயர். ரேஷன் கடையில் சண்டை போட்டிருக்கிறேன். கவுன்சிலரை நேருக்கு நேர் கேட்டிருக்கிறேன். இன்று வரிசையில் விழுந்த குடத்தை எடுத்து நிமிர்த்தினேன், அவ்வளவுதான்.

ஜூன் 27, வெள்ளி

ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்ததும் குழுவில் போட்டேன். யோசித்தால் போட மாட்டேன்.

"அந்தச் சட்டையை வைத்தது நான். என் அண்ணன் மகனுடையது. நாங்கள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் வாரியக் குடியிருப்பில் இருக்கிறோம். பையன் நன்றாக இருக்கிறான். தேசம்மா தட்டைத் துடைத்தார், வேறு எதுவும் செய்யவில்லை. அவரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடுங்கள். எழிலரசி, சங்க அலுவலகம்."

படித்ததற்கான நீலக் குறிகள் விழுந்தன. யாரும் எதுவும் எழுதவில்லை. இதயப் படம்கூட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் செய்தி நீக்கப்பட்டது. பிறகு நானும் நீக்கப்பட்டேன்.

செகரட்டரி வந்தார். கோபமாக இல்லை. அதுதான் எரிச்சல்.

"மடிப்பாக்கம்னு சொன்னியேம்மா."

"சித்தி வீடு சார்."

"நீ எங்க இருந்தா எங்களுக்கு என்ன? நாங்க அதெல்லாம் பாக்கறவங்க இல்ல. ஆனா மறைச்சிருக்கே. நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்கு."

"அங்க இருக்கேன்னு முன்னாடியே சொல்லியிருந்தா எடுத்திருப்பீங்களா சார்?"

அவர் சாவிக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். பகிர்வு அறைச் சாவியையும் மறக்காமல் கேட்டு வாங்கினார்.

"தேசம்மா விஷயம் சார்?"

"அது கம்பெனி முடிவு."

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனதற்குத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அந்த இடத்துக்கே வரவில்லை.

"யாரு வூட்டுக்குக் குடுத்தேன்ன?"

"ஹரிணி மேடம். சொன்னேனே."

"ரெண்டு தங்காத வூட்டுக்கு எம்புள்ள போட்ட சட்டைய குடுத்தியா?" கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்தப் புள்ள இப்ப ஆஸ்பத்திரில கீது. எம்புள்ள போட்ட துணி அது மேல கீது. உனுக்கு ஒண்ணுமே தோணலியா?"

"அண்ணி, அதெல்லாம் மூடநம்பிக்கை."

"அப்ப உன் துணிய குடுத்திருக்க வேண்டியதுதானே. எம்புள்ளது எதுக்கு உனுக்கு? நீ பெத்தியா?"

லித்திக்கை இழுத்து மடியில் வைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவன் முறுக்கு கேட்டான்.

நீலாம்பரிக்காரர்கள் பயந்தார்கள் என்று இதே நோட்டில் நக்கல் செய்திருக்கிறேன். அண்ணியைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

ஜூன் 28, சனி

அண்ணி என்னோடு பேசவில்லை. லித்திக்குக்கு மிளகாய் சுற்றிப்போட்டாள். நெடி வரவில்லை என்று கவலைப்பட்டாள்.

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. நீலாம்பரி டிரைவர் ஒருவர் சொன்னார். காமாலை இறங்கிவிட்டதாம். கோமதி அம்மாள் சட்டையைத் தூக்கிப் போட்டதால்தான் இறங்கியது என்று ஏழாவது மாடி முழுக்கப் பேச்சாம்.

நான் மொட்டைமாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தூசி. இங்கே எப்போதும் தூசிதான்.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் ஃபோன். ஹரிணி மேடம். குரல் கிணற்றிலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"எழில், வீட்ல இன்னொரு சட்டை இருக்கா?"

"எதுக்கு மேடம்?"

"அதைப் போட்டப்பதான் இவ தங்கினா. மத்த ரெண்டும் தங்கலை. இப்ப அத்தை தூக்கிப் போட்டுட்டாங்க. எனக்குத் தூக்கம் வரலை. பதினாறு நாள் முடியறவரைக்கும் அந்தப் பையனோட துணி ஏதாவது வேணும். எந்த வீடுங்கறது எனக்கு முக்கியமில்லை."

முக்கியமில்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள். ஆனால் அவர் அழுதுகொண்டிருந்தார்.

"சட்டை என்னோடது இல்ல மேடம். எங்க அண்ணியைக் கேக்கணும். நேர்ல வந்து கேக்கணும்."

மத்தியானம் பிரசன்னா சார் ஃபோன் செய்தார். கால்வாய்ப் பாலத்தில் நிற்பதாகச் சொன்னார். "கொஞ்சம் இங்க கொண்டுவந்து குடுத்துடறியா? உள்ளே வண்டி வருமான்னு தெரியலை."

"தண்ணி லாரியே வருது சார்," என்று சொல்லி வீட்டு எண்ணைக் கொடுத்தேன்.

அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால் பாலம் தெரியும். அவர் வண்டியில் சாய்ந்துகொண்டு எங்கள் பிளாக்குகளைப் பார்த்தார். யாருக்கோ ஃபோன் பேசினார். வண்டியைக் கிளப்பினார், நிறுத்தினார். போய்விடுவார் என்று நினைத்தேன். நான்காவது மாடிக்கு மூச்சிரைத்துக்கொண்டு ஏறி வந்தார். லிஃப்ட் வேலை செய்து ரொம்ப நாள் ஆகிறது.

அண்ணி அவரை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். முழு டம்ளரும் குடித்தார். ஏறி வந்த களைப்பாக இருக்கலாம்.

"புள்ள எப்பிடி கீது சார்?"

"இப்போ பரவாயில்லைங்க. பால் குடிக்கிறா."

"உங்க வூட்டம்மா?"

"அவதான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "அவ பயப்படறா. நானும்தான்."

லித்திக் அவர் காலடியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவர் குனிந்து அவனை ரொம்ப நேரம் பார்த்தார், கடையில் பொருள் பார்க்கிற மாதிரி இல்லை, வேறு மாதிரி.

அண்ணி கையைக் கழுவினாள். "ஒண்ணு சொல்றேன் சார். எனக்கும் பயம்தான். இது போட்டது எங்கியும் போவக் கூடாதுன்னு நெனைக்கிறவ நான். இவ கேக்காம எடுத்துக் குடுத்துட்டா. இப்ப நீங்க வந்து கேக்கறீங்க. கேட்டு வந்த ஆளுக்கு இல்லன்ன முடியாது. தர்றேன்."

அவர் முகம் தளர்ந்தது. சட்டையை வைக்கக் கொண்டுவந்த பையைத் திறந்தார்.

"உங்க கையில தர மாட்டேன்."

"புரியலைங்க."

"மூணாவது பிளாக்குல தேசம்மாக்கா கீது. நாளைக்குக் காத்தால அத்தோட கையில குடுப்பேன். அது வேலைக்கு வரசொல்ல எடுத்தாந்து உங்க அம்மா கையில குடுக்கும். உங்க அம்மா வாங்கிக்கணும்."

"அம்மா ஒத்துக்க மாட்டாங்க. நீங்க நெனைக்கிற மாதிரி..."

"அம்மாவ கேளுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இது என் சண்டை என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

வெளியே போய்ப் படிக்கட்டில் நின்று ஃபோன் பேசினார். முதலில் மெதுவாக. பிறகு, "அம்மா, நீ உள்ள படுத்திருக்கறவளைப் பாத்தியா இல்லையா," என்று கத்தினார். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. பிறகு செகரட்டரிக்குப் பேசினார். "இல்ல சார், அந்த லேடியேதான். நாளைக்கே. நான் எழுதித் தர்றேன் சார்."

உள்ளே வந்து, அவிழ்ந்த கயிற்றைக் கட்டாமல் நின்றார். "வரச் சொல்லிட்டாங்க," என்றார்.

"நாளைக்குப் பாக்கலாம் சார்," என்றாள் அண்ணி.

ஜூன் 30, திங்கள்

காலையில் தேசம்மாக்கா நீல யூனிஃபார்மில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணி லித்திக்கின் இன்னொரு சட்டையை, இடுப்பில் கறை போகாத ஒன்று, அவன் தலையைச் சுற்றி எடுத்து அக்காவின் இரண்டு கையிலும் வைத்தாள். அக்கா அதைப் பையில் போடவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு இறங்கினார்.

பாலம்வரை பின்னால் போனேன். அதற்குமேல் எனக்கு வேலை இல்லை. கேட்டில் செக்யூரிட்டி அக்காவை நிறுத்தி ஏதோ கேட்டான். அக்கா கையை நீட்டிக் காட்டினார். உள்ளே போனார்.

மத்தியானம் அக்கா ஃபோன் செய்தார். கோமதி அம்மாள் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் நின்றாராம். பிறகு முந்தானையை ஏந்தினாராம். அக்கா அதில் போடவில்லையாம். கையை நீட்டும்வரை பிடித்துக்கொண்டே நின்றாராம். கடைசியில் நீட்டினாராம். அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் ஏழாவது மாடி கூட்டணும் என்று வைத்துவிட்டார்.

என் வேலையைப் பற்றி அண்ணி நேற்று பிரசன்னா சாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை. மத்தியானம் எனக்குச் சோறு போட்டாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் கையால் போடுவது இன்றுதான். குழம்பை ஊற்றும்போது மட்டும் பேசினாள்.

"அடுத்த தபா கேட்டுட்டு எடு."